கட்டுமரம் எப்படி இரட்டைப் படகு ஆனது?

ராயபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார்: "கேட்டமரான் என்றால் இரண்டு உடல் கொண்ட சொகுசுப் படகைக் காட்டுகிறார்கள். காசிமேட்டில் என் தாத்தா ஓட்டியது கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மரம். இரண்டும் ஒரே சொல்லா?"

ஒரே சொல்தான். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியரின் 1697ஆம் ஆண்டுப் பயண நூலிலேயே நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இந்தப் பெயரோடு வந்துவிட்டது. அப்புறம் சொல் எங்கெங்கோ போனது. 1804இல் பூலோன் துறைமுகத்துப் பிரெஞ்சுப் படகுகள்மீது பிரிட்டன் ஏவிய, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த மிதக்கும் வெடிமருந்துப் பெட்டிக்கும் இதே பெயர். 19ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணை இப்படித் திட்டவும் செய்தார்கள். 1876இல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் இரண்டு ஒல்லியான உடல்களை இணைத்துக் கட்டிய 'அமரில்லிஸ்' நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை முந்தியது. இன்று பெயர் அந்த வகைக்கே நிலைத்துவிட்டது.

சரி, மிதக்கும் விதமும் ஒன்றா? இல்லை. இரட்டைப் படகு மற்றப் படகுகளைப் போல உள்ளே அடைத்த காற்றால் மிதக்கிறது. கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்ற ஒன்றே கிடையாது. மரத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. மிதப்பு முழுக்க அதிலிருந்துதான். அலை ஏறி அடித்தாலும் கட்டைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் தானே இறங்கிவிடும், இறைக்க வேண்டாம். ஓட்டை விழுந்து மூழ்குமோ என்ற பயமும் இல்லை. ஊறுவது ஒன்றுதான் எதிரி. தண்ணீர் குடிக்கக் குடிக்க மரம் கனக்கும், மிதப்பு குறையும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப்போடுவார்கள். ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியதன் அழகு இங்கேதான் தெரிகிறது: காய்ந்த கட்டைகளை மறுபடி கட்டினால் இழந்த மிதப்பு திரும்பக் கிடைக்கிறது. கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் கரையை ஒட்டி உடையும் அலையின் அடியையும் மரம் தாங்கிக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பொறியியல்களில் இது ஒன்று.

காசிமேட்டில் இப்போது விசைப்படகும் ஃபைபர் படகும்தான். கட்டுமரம் கட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே மரத்தேர்வு, அளவு, முடிச்சு எல்லாவற்றையும் பதிவுசெய்ய அரசு ஆய்வுப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

இரட்டைப் படகின் பலம் அகலம். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க உடல் ஆழமாக அமிழும், தண்ணீர் அதை மேலே தள்ளும். அந்த உந்துதல் நடுவிலிருந்து வெகுதூரம் தள்ளி விழுவதால் படகு சட்டென்று நிமிர்ந்துவிடும். ஆனால் முழுதாகக் கவிழ்ந்துவிட்டால் அதே அகலம் அதைத் தலைகீழாகவே பிடித்து வைத்துவிடும். கட்டுமரம் கவிழ்ந்தால், ஆட்கள் புரட்டிப் போட்டுவிட்டு ஏறி உட்காரலாம்.