பட்ட மரத்தைப் பாறையோடு சேர்க்காதீர்கள்

இறந்ததையும் உறங்குவதையும் உயிரற்றதோடு கலந்து எழுதிய ஒரு கள ஆய்வுப் படிவம் சென்ற வாரமும் வந்தது. ‘உயிரற்றவை’ என்ற பத்தியில் வெயில், காற்று, பாறை, மணல். அவற்றோடு பட்ட மரம், சருகு, வற்றிய குட்டையின் சேறு, ‘பாறை மேல் கறை’. அதை நம்பி, நான் போய்ச் சேர்வதற்குள் குட்டை மண்ணை அள்ளிவிட்டார்கள். ஓரத்தில் மிஞ்சிய ஒரு கைப்பிடியை நீரில் ஊறவைத்தேன். காய்ந்த சேற்றில் உறங்கிக் கிடந்த முட்டைகள் பொரிந்து, ஆறாம் நாள் அதில் சிற்றிறால் குஞ்சுகள் நீந்தின. மீதி மண் எங்கோ ஒரு பள்ளத்தை நிரப்பப் போய்விட்டது.

அசையாதது எல்லாம் உயிரற்றது என்ற எண்ணத்தை எத்தனை பயிற்சி கொடுத்தும் போக்க முடியவில்லை. பாறைக்கு ஒருநாளும் உயிர் இருந்ததில்லை. பட்ட மரம் வாழ்ந்து இறந்தது. இரண்டும் ஒன்றா? ஒளி, வெப்பம், நீர், காற்று, கனிமம் ஆகியவை உயிரற்ற காரணிகள். இறந்த உடல் கரிமப் பொருள், சிதைப்பவற்றின் உணவு. பட்ட மரத்தின் பட்டைக்கடியில் வண்டுப் புழு, கட்டைக்குள் பூஞ்சை இழை, பொந்தில் ஆந்தை. அதை வெட்டினால் இத்தனைக்கும் வீடு போகிறது. பச்சை மரத்திலேயே வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. நீரை மேலேற்றும் குழாய்ச் செல்கள் இறந்த பிறகே அந்த வேலையைச் செய்கின்றன. செத்ததும் வாழ்வதும் ஒரே அடிமரத்தில் இருக்கின்றன.

விதையை எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்கிறார்கள். உயிருள்ளவற்றில்தான். இஸ்ரேலின் மசாதா அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையான பேரீச்ச விதை 2005-இல் முளைத்தது. உறக்கம் சாவு அல்ல.

அந்தக் ‘கறை’ லைக்கன். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். சில வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. தயவுசெய்து சுரண்டாதீர்கள்.

படிவத்தில் ‘இறந்தவை’ என்று மூன்றாவது பத்தி போடுங்கள். ஐயமிருந்தால் இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். சருகைக் கொளுத்தாதீர்கள். குட்டை வற்றியிருந்தால், மண்வெட்டி எடுக்கும் முன் ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டு, மழைநீர் ஊற்றி, வெளிச்சம் படும் இடத்தில் இரண்டு வாரம் வையுங்கள். தினமும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.