போன வருஷம் பூத்த சம்பங்கி இந்த வருஷம் ஏன் பூக்கவில்லை?

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆச்சி மஞ்சப்பையில் மண்ணோடு ஒரு சம்பங்கிக் குத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் நர்சரிக்கு வந்துவிட்டார்கள். "தம்பி, நீ குடுத்த கிழங்கு முத வருஷம் இடுப்பு உயரத்துக்குப் பூத்துச்சு, இப்ப வெறும் புல்லா நிக்கு. தண்ணி சுமந்து என் இடுப்புதான் ஒடியுது."

குத்தைத் தண்ணீரில் அலசி, கத்தியால் இரண்டாகப் பிளந்து காட்டினேன். நடுவில் போன வருஷம் பூத்த கிழங்கு, காய்ந்த தண்டின் அடிக்கட்டையோடு சுருங்கிக் கிடந்தது. அதைச் சுற்றிக் கட்டைவிரல் பருமனிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை பக்கக் கிழங்குகள், இடையில் மண் புக இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு இருந்தன. விஷயம் இதுதான்: சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒரே ஒரு தடவைதான் கதிர் விடும், அடுத்து பூக்க வேண்டியது அதன் பிள்ளைகள். தொட்டிக்குள் இப்படி அடைந்து கிடந்தால் அவை பருக்காது, பருக்காத கிழங்கு இலையை மட்டும்தான் தள்ளும். தோட்டத்தில் நட்டால் மூன்று வருஷம் வரை விட்டு வைக்கலாம், தொட்டி என்றால் இரண்டாவது வருஷமே பிரித்துவிடுங்கள்.

நம்ம பக்கம் பிரிக்கத் தோதான நேரம் சித்திரை, வைகாசி. தண்ணீரை நிறுத்தி, இலை மஞ்சளானதும் தோண்டி, நிழலில் ஒரு மாதம் பரப்பி வைத்து, ஜூன், ஜூலையில் நடுங்கள். தரையில் என்றால் வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. போதும், ஆழப் புதைக்க வேண்டாம். மூன்று, நான்கு மாதத்தில் கதிர் வரும். வெயில் நன்றாக அடிக்க வேண்டும், வேப்பமர நிழலில் நட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அப்புறம் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்களுக்கு இலைதான் மிஞ்சும்.

தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். 2023 டிசம்பர் 17, 18-ல் நம்ம திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழையில் கரிசல் மண்ணில் நட்டிருந்த என் வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை, அதே தெருவில் மாடித் தொட்டியில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை. கரிசல் என்றால் மண்ணைக் கூட்டி மேட்டுப்பாத்தி போடுங்கள்.

பிரிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வேரைக் கழுவி விரலால் உருட்டினால், வேரே அங்கங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? உரசினாலும் உதிராத முடிச்சு என்றால் அது வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டைக்கும் இதே புழுதான் வரும், ஆகவே பழைய தக்காளித் தொட்டி மண்ணில் சம்பங்கி வைக்காதீர்கள். நானே ஒரு தடவை மலிவாகக் கிடைத்தது என்று வெளியூரில் ஒரு மூட்டை கிழங்கு வாங்கி, கழுவிப் பார்க்காமல் நட்டு, ஒரு பாத்தி முழுக்கப் புழுவைக் குடியேற்றினேன். அந்தப் பாத்தியில் இரண்டு போகம் கேந்தி (செண்டுமல்லி) போட்டு, வேப்பம் புண்ணாக்கு கொத்திவிட்ட பிறகுதான் மறுபடி சம்பங்கி எழும்பியது. புதிதாகக் கிழங்கு வாங்குகிறவர்கள் 'சிருங்கார்' ரகம் கேட்டு வாங்குங்கள். பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டது, இந்தப் புழுவை ஓரளவு தாங்கும்.

ஆச்சியின் குத்தில் முடிச்சு இல்லை, நல்லவேளை. பெரிய கிழங்காகப் பதினொன்று பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "சின்னதெல்லாம் பூக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும் ஆச்சி, இங்கேயே வச்சுட்டுப் போங்க" என்றேன்.

"ஏன், நீ வளத்து எனக்கே விக்கதுக்கா?" என்று கேட்டபடியே சுண்டைக்காய் அளவு கிழங்கையும் விடாமல் பொறுக்கி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்கள்.