வெட்டிய கல்லீரலை வளரச் சொல்வது யார்?

போன வருடம் ஓ.பி.யில் ஓர் அம்மா கேட்டார். வியாசர்பாடிக்காரர். கணவருக்குக் கல்லீரல் சுருக்கம். மகன் தன் கல்லீரலில் வலப்பக்கத்தைத் தர முன்வந்திருந்தான். "வெட்டினா வளர்ந்துடும்னு சொல்றீங்க. வளரச் சொல்லி அதுக்கு யாரு சார் சொல்றது?"

அருமையான கேள்வி. முதல் தகவல் ரத்தத்திலிருந்து வருகிறது. குடலிலிருந்து வரும் அதே அளவு ரத்தம், மிஞ்சிய சிறு பகுதிக்குள் முட்டி மோதிப் பாய்கிறது. அதில் செல்கள் விழித்துக்கொண்டு ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. நரம்பும் சேர்ந்து சொல்கிறது. மூளைத்தண்டில் புறப்பட்டுக் கழுத்து வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை கல்லீரலுக்குப் போகிறது. 2018இல் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தினர் எலிகளுக்குக் கல்லீரலில் 70 சதவீதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் கிளையையும் வெட்டிய எலிகளில் வளர்ச்சி தாமதமானது, இறப்பும் கூடியது. நரம்பு சுரக்கும் அசிட்டைல்கோலின் கல்லீரலில் உள்ள காவல் செல்களைத் தட்டி எழுப்புகிறது. அவை இன்டர்லூகின்-6 என்ற தூதுப் புரதத்தை வெளியிட்டுக் கல்லீரல் செல்களைப் பெருகவைக்கின்றன.

இதைப் படித்துவிட்டு யூடியூபில் 'மூச்சை இழுத்துவிட்டு வேகஸ் பயிற்சி செய்தால் ஈரல் சரியாகும்' என்பவர்களை நம்பிவிடாதீர்கள். மாற்று அறுவையில் புதிய கல்லீரலின் நரம்புகள் எல்லாம் வெட்டுப்பட்டுத்தான் வருகின்றன. அப்படியும் அது வளர்கிறது. நரம்பு வேகம் கூட்டுகிறது, அவ்வளவுதான். மூச்சுப்பயிற்சி நல்லது, செய்யுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

"அப்போ இவருக்கு மட்டும் ஏன் சார் வளரல?" என்றார் அந்த அம்மா.

வருடக்கணக்கில் குடி. செல் செத்த இடமெல்லாம் தழும்பு. நரம்பு சொன்னாலும் ரத்தம் சொன்னாலும் தழும்புக்கு நடுவே சிக்கிய செல்லால் ஒழுங்காக வளர முடியாது. கல்லீரலின் உள்ளே வலி தெரியாது, மேலுறைக்குத்தான் தெரியும். அதனால்தான் அவர் வயிறு வீங்கி, கண் மஞ்சளான பிறகு வந்தார். குடிப்பவர்களும், சர்க்கரையும் தொப்பையும் உள்ளவர்களும் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையோடு, கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் எடுத்தால் தழும்பு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் குடியை விட்டால் கல்லீரல் பெருமளவு தேறும்.

மூன்று மாதம் கழித்து மகனின் சி.டி. படத்தைக் காட்டினேன். இடப்பக்கத் துண்டு உருண்டு திரண்டு வலப்பக்கம் வரை வந்திருந்தது. "பழைய மாதிரி இல்லையே சார்" என்று விரலால் அதன் ஓரத்தைத் தடவினார். வடிவம் திரும்பாதும்மா, அளவுதான் திரும்பும் என்றேன். மகன் அதற்குள் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான்.