வில்லனும் சூரும்

காட்பாடியில் இருக்கும் என் அக்காள் மகனின் அறைச் சுவரில் மூன்று படங்கள் ஒட்டியிருக்கின்றன. ஐஸ் ஹாக்கி முகமூடி போட்ட ஒருவன், தீயில் வெந்த முகமும் கத்தி விரல்களுமாக ஒருவன், உணர்ச்சியே இல்லாத வெள்ளை முகமூடியில் ஒருவன். ஜேசன், ஃப்ரெடி, மைக்கேல் மையர்ஸ். மூவரும் அமெரிக்கத் திகில் படத் தொடர்களில் கொலை செய்பவர்கள். இவர்களிடமிருந்து தப்பிப் பிழைத்தவர்களின் பெயர்களைக் கேட்டால் அவன் யோசிக்கிறான். கொல்கிறவர்களின் வரலாறோ அவனுக்கு மனப்பாடம். மையர்ஸ் அணிவது, 1978இல் கடையில் வாங்கிய, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை பூசியது என்று எனக்குச் சொன்னவன் அவன்தான். ஜேசனுக்கு அந்த ஹாக்கி முகமூடி 1982இல் வந்த மூன்றாம் படத்தில்தான் கிடைத்தது என்பதும் அவன் சொல்லித்தான் தெரியும். போன வாரம், "மாமா, வில்லனுக்குச் சரியான தமிழ்ச்சொல் எது?" என்று கேட்டான். ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

லத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறப் பண்ணை. அந்தப் பண்ணையில் உழைத்தவன் 'வில்லானுஸ்'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோதும் அச்சொல் குறித்தது பண்ணையாளைத்தான். நிலப்பிரபுவின் மண்ணோடு கட்டுண்டு, விரும்பிய இடத்துக்குப் போக உரிமையற்றுக் கிடந்த உழவனை. மேட்டுக்குடியினர் அவனை நாகரிகம் அற்றவன், இழிந்தவன் என்று பேசிப் பேசியே சொல்லின் பொருள் கெட்டது. இழிந்தவன் கயவன் ஆனான். கயவன், கதையில் நாயகனுக்குக் கேடு சூழ்பவன் ஆனான். உழுதவன்மேல் உட்கார்ந்து உண்டவன் சுமத்திய வசை இது. நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் விளைகிற வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்த எனக்கு, இதை அறிந்த நாள்முதல் 'வில்லன்' என்று எழுதும்போதெல்லாம் நெஞ்சில் முள் குத்துகிறது.

தமிழில் அது அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. 'வில்' நம்மிடம் இருந்தது. 'அன்' ஈறும் இருந்தது. பெண்பாலுக்கு 'வில்லி' என்று நாமே ஆக்கிக்கொண்டோம். ஆனால் பழந்தமிழில் வில்லியும் வில்லோனும் வில் ஏந்திய வீரர்கள். பாலை வழியில் காதலியோடு நடக்கும் இளைஞனைக் குறுந்தொகையின் 7ஆம் பாட்டு 'வில்லோன் காலன கழலே' என்று காட்டித் தொடங்குகிறது. வள்ளுவர் போர்வீரரை 'வில்லேர் உழவர்' என்கிறார். வில்லும் உழவும் அங்கே கைகோத்து நிற்பதைக் கண்டு இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்று என்று சிலர் துள்ளக்கூடும். அது தவறு. ஒலி ஒத்துப்போவது வேறு, சொல் பிறப்பது வேறு.

மொழிபெயர்ப்பில் வழங்கும் 'எதிர்நாயகன்' பெரும்பாலான கதைகளுக்குப் போதும். வேலூரில் பிறந்த நடராஜ முதலியார் 1910களில் எடுத்ததுதான் தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். அதன் பெயர் 'கீசக வதம்'. கொன்ற பீமனின் பெயரை விட்டு, மாண்ட கீசகனின் பெயரைத் தாங்கிய படம்! ஆக, கொடியவனைக் காணக் கூடும் ஆவல் இவ்வூர்ப் பக்கம் நேற்று முளைத்ததன்று. திரௌபதி அம்மன் திருவிழாவில் இரவெல்லாம் தெருக்கூத்தில் துரியோதனனின் கிரீடமும் புஜக்கட்டையும் குலுங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, விடிந்ததும் படுகளத்தில் மண்ணால் ஆன அவனுடைய பேருருவைச் சுற்றி நின்றவர்களில் சிறுவனாக நானும் ஒருவன். தொடை பிளக்கும்போது ஆரவாரம் செய்தவர்களே, பிறகு அந்த மண்ணில் ஒரு பிடியை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கீசகனுக்கும் துரியோதனனுக்கும் எதிரே பீமன் இருக்கிறான். அதனால் அவர்கள் எதிர்நாயகர்கள். திகில் படத்தில் ஜேசனுக்கு எதிரே யார்? ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இளைஞர்கள் வந்து மாண்டுபோகிறார்கள். அவன் மட்டும் மாறாமல் வருகிறான். நாயகனே நிலையாக இல்லாத இடத்தில் எதிர்நாயகன் என்ற சொல் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

இங்கே நமக்குத் துணை தொல்காப்பியம். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று அதன் மெய்ப்பாட்டியல், உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் பகுதி, அச்சத்தின் நிலைக்களன்களை நான்காகப் பிரிக்கிறது. அணங்கு என்றால் அஞ்சவைத்து வருத்தும் தெய்வம்; கல்லறையிலிருந்து எழும் டிராகுலா அந்த வகை. கடலில் பாயும் சுறா விலங்கு. இருட்டில் கத்தியோடு நிற்பவன் கள்வர் வகை. நான்காவதான இறை, அரசன்; அவன் நம் பேச்சுக்கு வேண்டாம். 'ஹாரர்' என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்றல் என்று பொருள். அதையும் நம்மவர்கள் உடலில் தோன்றும் மெய்ப்பாடாகவே கண்டார்கள்.

முதலில் 'அணங்கு' என்றே அவனுக்குச் சொல்லிவிட நினைத்தேன். அச்சமும் ஈர்ப்பும் ஒருங்கே அமைந்த சொல் அது. அழகியைக் கண்டு திகைத்தவனை 'அணங்குகொல்' என்று வியக்கவைத்தார் வள்ளுவர். ஆனால் இன்றைய காதில் அணங்கு என்றால் தெய்வப் பெண், தமிழணங்கு. கத்தி விரல்காரனுக்கு அதைச் சூட்ட என் வாய் கூசுகிறது.

ஆகவே நான் தேர்ந்த சொல் 'சூர்'. அச்சம் என்பதும் அச்சம் தரும் தெய்வம் என்பதும் அதன் பழம்பொருள்கள். முருகனின் வேலைத் திருமுருகாற்றுப்படை 'சூர்முதல் தடிந்த' வேல் என்கிறது. 'படிப்பில் சூரன்' என்று பாராட்டும்போது வருவது வீரனைக் குறிக்கும் வடசொல், இது வேறு. கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலையில் எங்கள் பகுதி முருகன் கோயில்களுக்குப் போய்ப் பாருங்கள். தலை மாற்றி மாற்றி வரும் சூரனுக்குப் பின்னால்தான் பிள்ளைகள் ஓடுவார்கள். அவன் வெட்டப்படுவான். அடுத்த ஐப்பசியில் புது வண்ணம் பூசிக்கொண்டு மறுபடி வருவான், அவர்களும் மறுபடி ஓடுவார்கள். ஜேசனைச் சாகடித்த பிறகும் அடுத்த படத்துக்குக் காத்திருக்கும் என் மருமகனும் இந்தப் பிள்ளைகளும் எனக்கு வேறாகத் தெரியவில்லை.

எனவே 'திகில் படச் சூரன்' என்று எழுதலாம் என்றேன். அவன் விடவில்லை. "1980இல் வந்த முதல் படத்தில் கொலை செய்வது ஜேசன் இல்லை மாமா, அவன் அம்மா. அவளை என்னவென்று எழுதுவது?" என்றான். அதற்கும் சொல் இருக்கிறது. அதே திருமுருகாற்றுப்படை, அச்சம் தரும் தெய்வப் பெண்களைக் காட்டி, 'சூரர மகளிர் ஆடும் சோலை' என்கிறது. சூரமகள் என்று எழுதச் சொன்னேன்.