சபைக்கூச்சம் சாட்பாட்டால் போகுமா?

சென்னையில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்துவரும் எனக்கு, இந்தப் பருவத்தில் மட்டும் இது நான்காவது அனுபவம். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வரும் இறுதியாண்டு மாணவி ஒருவர், வளாக நேர்காணலுக்காக நான்கு மாதங்கள் இரவுதோறும் சாட்பாட்டுடன், அதாவது மனிதரைப் போல உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியுடன், பேசிப் பழகியவர். உச்சரிப்பிலும் இலக்கணத்திலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் குழு விவாதத்தில் எதிரே இருந்த மாணவர் குறுக்கிட்டு, மாணவி சொன்னதை ஏற்க முடியாது என்றதும், இவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாரே தவிர, கடைசிவரை வாய் திறக்கவில்லை.

"அது திட்டாது, சிரிக்காது, அதனால் கூச்சம் போய்விடும்" என்று பெற்றோரும், வருத்தத்துடன் சொல்கிறேன், சில ஆசிரியர்களும் நம்புகிறார்கள். திட்டுவதற்கு ஆளில்லாத இடத்தில் கூச்சம் தலைகாட்டாது; அதற்காக அது போய்விட்டதென்று எப்படிச் சொல்ல முடியும்? அயல்மொழி வகுப்பில் எழும் பதற்றத்தை அளக்க 1986இல் ஹார்விட்ஸ் என்ற மொழிக்கல்வி ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட வினாநிரலில், நான் பேசும்போது மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என அஞ்சுகிறேன் என்ற பொருளில் ஒரு கூற்றே உண்டு. எதிரே இருப்பவர் புருவத்தை நெரிப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், பாதியில் மறுப்பார். அதைத் தாங்கிக்கொண்டு, அவர் மனம் நோகாமல் தன் வாக்கியத்தை முடிப்பதுதான் பழக வேண்டிய திறன். சாட்பாட்டோ சலித்துக்கொள்ளாது, பெரும்பாலும் ஆமாம் போடும். அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறதென்று சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பை அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2025 ஏப்ரலில் திரும்பப் பெற்றது.

ஒத்திகைக்கு அது நல்ல துணை; நானே மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆனால் "பாராட்டாதே, மறுத்துப் பேசு, காரணம் கேள்" என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். 15 நிமிடம் போதும். அன்றைக்கே அதே விஷயத்தை விடுதித் தோழியிடமோ அண்ணனிடமோ ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வீட்டுச் சண்டையையும் தொலைபேசி எண்ணையும் சாட்பாட்டில் எழுதவே கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு மனக்கஷ்டத்தை அதனிடம் மட்டுமே சொல்லத் தொடங்கினால், கைபேசியைப் பிடுங்காமல், பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.