கைப்பையைப் பொலித்தீனில் முடிந்து வைக்காதீர்கள்

வாடைக்காற்று தொடங்கினால் போதும், திருகோணமலையில் தோற்பை வேலை செய்பவர்களின் மேசையில் ஒரே கதையுள்ள பைகள் வந்து குவியும். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் அக்கா வாங்கி அனுப்பிய விலையுயர்ந்த பை. கலியாண வீட்டுக்கு ஒருநாள் கொண்டுபோனது. பிறகு பொலித்தீனில் போட்டு, வாயை இறுக்கி முடிந்து, அலுமாரியின் அடித்தட்டில் வைத்தது. திறந்தால் கைபிடியெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம், உட்பக்கம் விரலில் ஒட்டுகிறது, பித்தளைக் கொளுக்கியில் பச்சை. "பாவிக்கவே இல்லையே, எப்படிப் பழுதானது?" என்று கேட்கிறார்கள். பூட்டி வைத்ததால்தான் பழுதானது.

பொலித்தீன் ஈரத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, தோலுக்குள்ளேயே இருக்கிறது. தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் தோலிலும் எடையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு நீர்தான். உறையைக் கட்டும்போது நம்முடைய கடற்கரைக் காற்றையும் சேர்த்தே கட்டுகிறீர்கள். பகலில் அறை சூடாகும்போது தோல் ஈரத்தை விடும். இரவில் குளிர, அது உறையின் உட்புறம் வியர்க்கும். போக வழியில்லாமல் திரும்பத் தோலிலேயே படியும். ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் முளைக்கும். அதற்குத் தீனியாக, பதனிடும்போது தோலுக்கு ஊட்டிய கொழுப்பு அங்கேயே இருக்கிறது. "இரண்டு உறை போட்டேனே" என்பவர்களுக்கும் இதுதான் பதில்: மிச்சமிருந்த கொஞ்ச வழியையும் அடைத்துவிட்டீர்கள்.

பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு மினுக்கத்துக்குத் தேங்காய் எண்ணெய் பூசுவது அடுத்த கொடுமை. தோல் கறுக்கும், தூசு ஒட்டும், பூஞ்சணத்துக்கு இன்னும் தீனி. லூயி விற்றோன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பைகளின் கைபிடியில் வரும் பூச்சில்லாத வெளிர் தோலில் எண்ணெய் இறங்கினால் அந்தக் கறையை எடுக்கவே முடியாது.

பிசுபிசுக்கும் உட்பக்கம் அநேகமாகப் பொலியுரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. ஈரத்தில் அது சிதைந்துவிட்டது. பவுடர் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். விளிம்புத் தையலைப் பிரித்து, பழைய உட்துணியையே மாதிரியாக வைத்து வெட்டி, பழைய துளைகளின் வழியே திரும்பத் தைக்க வேண்டும். பக்கத்தில் புதுத்துளை போட்டால் தோல் அந்த வரிசையிலேயே கிழியும். விலையுயர்ந்த தோற்பை செய்யும் பிரெஞ்சு நிறுவனமான எர்மேஸின் கைவினைஞர்கள் மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துத் தைக்கிறார்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது கழலாது. அப்படித் தைத்த பையை மெஷினில் ஓட்டச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

பாவித்தால் பெறுமதி போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. நடிகையும் பாடகியுமான ஜேன் பேர்க்கினுக்காக எர்மேஸ் செய்த முதல் பேர்க்கின் பை 2025 ஜூலையில் பாரிஸில் 86 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அவர் ஆண்டுக்கணக்கில் தூக்கித் திரிந்த பை அது, கீறலும் கறையும் அப்படியே. அந்த விலை அவருடைய பெயருக்குத்தான் என்பது உண்மை. ஆனால் கீறலை மன்னிக்கிற சேகரிப்பாளர்கூடப் பூஞ்சண மணத்தை மன்னிப்பதில்லை.

செய்யவேண்டியது அதிகமில்லை. பையோடு வந்த துணி உறை, இல்லையென்றால் துவைத்த பருத்தித் தலையணை உறை. உள்ளே மை இல்லாத வெள்ளைத் தாள். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். தோள்பட்டியில் தொங்கவிடாமல் மேல்தட்டில் நிறுத்துங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். ஈரத்தை உறிஞ்சப் போடும் சிலிக்கா ஜெல் மணிகள் நிறம் மாறினால் காயவைக்காமல் அப்படியே விட்டு என்ன பயன்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் அன்றைக்கே கொளுக்கி, சிப் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

பூஞ்சணம் பிடித்துவிட்டதா? முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டுங்கள். நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், நனைந்த தோல் சுருங்கினால் பழைய அளவுக்குத் திரும்பாது. புளீச் வேண்டவே வேண்டாம். தயவுசெய்து நிறமும் அடிக்காதீர்கள். கழற்றிய சிப், கொளுக்கி, உட்பக்க முத்திரைத் துண்டு எதையும் எறியாமல் பையோடு சேர்த்துக் கொண்டு வாருங்கள், பொலித்தீனில் அல்ல, துணியில்.