காலிபரேஷன்: திருத்துவதா, ஒத்துப் பார்ப்பதா?

பிக்கப் டிரக்குக்குப் பெரிய டயர் போட்டவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், "ஸ்பீடோமீட்டரை ரீகாலிபரேட் பண்ணிடுங்க." காலிபரேஷனைத் தமிழில் பெரும்பாலும் 'அளவுத்திருத்தம்' என்று எழுதுகிறோம். நல்ல சொல்தான், நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அது பாதி வேலையை மட்டுமே சொல்கிறது, அதுவும் இரண்டாவது பாதியை.

அமெரிக்காவில் நிறைய பிக்கப்களில் 265/70 ஆர் 17 டயர் வரும். 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 17 ரிம்மின் விட்டம், அது மட்டும் அங்குலத்தில். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் சுமார் 803 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 285/70 ஆர் 17 போட்டால் 831. வித்தியாசம் 28 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மூன்றரை சதவீதம் அதிக தூரம் போகிறது. வண்டிக்கோ இது தெரியாது. அது எண்ணுவது சுற்றுகளை மட்டும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்பது கம்பெனியில் சொல்லி வைத்த கணக்கு. அதனால் முள் 70 மைலில் நிற்கும்போது வண்டி 72-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். ஓடிய மைல் கணக்கும் அதே அளவுக்குக் குறைவாக ஏறும்.

அப்படியானால் மூன்றரை சதவீதம் கூட்டிவிட்டால் முடிந்ததா? இல்லை. பழைய டயரில் முள் சரியாகத்தான் காட்டியது என்று யார் சொன்னது? ஐரோப்பிய விதிப்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அமெரிக்காவில் வணிக லாரிகளின் மீட்டர் 50 மைல் வேகத்தில் 5 மைல் வரை கூட்டியோ குறைத்தோ காட்டலாம். முன்பே இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டிய மீட்டர் என்றால் இப்போது ஒன்றரைதான் குறையும். எனவே முதலில் நம்பகமான வேறொரு அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் போதும். அது இல்லாவிட்டாலும் நெடுஞ்சாலையில் மைல் பலகைகள் இருக்கின்றன: முள்ளை 60-இல் நிறுத்தினால் ஒரு மைலுக்குச் சரியாக 60 விநாடி ஆக வேண்டும், 58 விநாடியில் அடுத்த பலகை வந்துவிட்டால் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். ஒரு மைலை நம்பாமல் பத்து மைல் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

காலிபரேஷன் என்பது இந்த ஒத்துப் பார்க்கும் வேலைதான். அளவியல்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள்: தெரிந்த அளவோடு வைத்துப் பார்த்து, கருவி காட்டுவதற்கும் உண்மைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிப்பது காலிபரேஷன், அதற்கப்புறம் கருவியில் கை வைத்துச் சரிசெய்வது வேறு வேலை. பட்டறைப் பேச்சில் இரண்டும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டது, தமிழில் இரண்டாவது மட்டும் பெயராக நின்றுவிட்டது.

சொல் வந்த வழியும் இதையே காட்டுகிறது. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு 'காலிபர்' வழியாக வந்தது, அதற்கு முன் இத்தாலிய 'காலிப்ரோ', அதற்கும் முன் அரபு 'காலிப்', அதாவது அச்சு, வார்ப்பு. அந்த அரபுச் சொல்லும் கிரேக்கத்திலிருந்து போனது என்பார்கள். அங்கே அது செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும், மரத்தில் செய்த பாத அச்சு; 'கலோன்' மரம், 'பூஸ்' பாதம். (காலிபரில் கேட்கும் 'கால்' நம்முடைய கால் இல்லை, ஒலி ஒன்றிப் போனது தற்செயல்.) செருப்பு அச்சு குண்டு வார்க்கும் அச்சாகி, துப்பாக்கிக் குழலின் உள்விட்டமாகி, பள்ளி ஆய்வகத்தில் நாம் பிடித்த வெர்னியர் காலிப்பராகவும் ஆனது. வழி நெடுக அச்சோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் எண்ணமே ஓடுகிறது.

தமிழில் இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகலாம். ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் இடத்தில், ராஜகேசரியோடு ஒக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று வருகிறது. ராஜகேசரி ஒரு மரக்கால், அதாவது நெல் அளக்கும் பாத்திரம், ஆடவல்லான் இன்னொன்று, இது அதனோடு ஒக்கும் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தபோது சிலிர்த்துப் போனேன். ஆயிரம் வருடத்துக்கு முன் இந்த வேலைக்கு நம்மிடம் இருந்த வினை 'ஒத்தல்'.

அதனால் காலிபரேஷனுக்கு 'அளவொப்பு' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. 'அளவுத்திருத்தம்' அப்படியே இருக்கட்டும், திருத்தும் வேலைக்கு மட்டும்.

அந்தத் திருத்தம் வண்டியைப் பொறுத்தது. பழைய வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்று மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுற்றும், ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற முறை அது. அங்கே கேபிளை ஓட்டும் சின்னப் பல்சக்கரத்தை, பல் எண்ணிக்கை வேறான ஒன்றாக மாற்றுவார்கள். இப்போதைய வண்டிகளில் சென்சார் துடிப்புகளை அனுப்புகிறது, கணினியில் பதிந்திருக்கும் டயர் அளவையோ ஒரு மைலுக்கு இத்தனை சுற்று என்ற எண்ணையோ ஸ்கேனர் வைத்து மாற்றினால் போதும். கியர் எப்போது மாறுவது என்பதற்கும் பல வண்டிகள் இதே வேகக் கணக்கைத்தான் பார்க்கின்றன, அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எண்ணை மாற்றியபின் மறுபடி சாலைக்குப் போய் மைல் பலகையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். ரீகாலிபரேஷன் என்பதை 'மறு அளவொப்பு' என்று எழுதினால் அந்த இரண்டாவது ஓட்டமும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. டயர் தேய்ந்து மொட்டையாகும்போது விட்டம் ஓரிரு சதவீதம் போலக் குறையும், அப்போதும் ஒருமுறை.